மோட்டார் மேசைக்காரன்

பர்வீன் பானு காய்கறிப் பையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது அவளுடைய எண்பத்தைந்து எம்.எம். கேமரா லென்ஸ் முன்னறை மேசைமேல் துண்டு துண்டாகக் கிடந்தது. வெள்ளைத் துண்டு ஒன்றை விரித்து, அதன்மேல் திருகுகளை வரிசையாக அடுக்கி, கண்ணாடிக் கூடுகளைக் கவிழ்த்து வைத்திருந்தான் அவள் கணவன் பாசில். நெற்றியில் பட்டை விளக்கு. கையில் ஊசிமுனை இடுக்கி.

பையைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றாள்.

"மச்சான், நாளைக்குக் கல்யாணம்."

"தெரியும். அதுக்குத்தான் இன்னைக்கே தொறந்தேன்" என்றான் அவன், தலையைத் தூக்காமல்.

அது அவள் முகங்களை எடுக்கவென்றே வைத்திருக்கும் லென்ஸ். மங்கல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமலே எடுக்கும். எதிரில் இருக்கும் முகத்தைத் தெளிவாக நிறுத்திவிட்டு, பின்னால் இருப்பதையெல்லாம் பஞ்சாகக் கரைத்துவிடும். காரைக்குடி வட்டாரத்து முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் இருக்கும் பக்கம் ஆண் போட்டோகிராபர் போக முடியாது. அந்த இடத்தைப் பர்வீன் தானாகப் பிடித்துக்கொண்டவள். மகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, ஷார்ஜாவிலிருந்து பாசில்தான் ஊருக்கு வந்த ஒருவர் கையில் கேமராவைக் கொடுத்தனுப்பினான். மகள் வளர வளர அவள் கையும் பழகியது. முதலில் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்கள், பிறகு தெரிந்தவர்கள், அப்புறம் தேவகோட்டை, இளையான்குடி என்று கேட்டு வந்தார்கள். மகள் இப்போது சிவகங்கையில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கேமராவையும் லென்ஸையும் பர்வீனைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை.

பாசில் நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு ஊருக்கு வந்துவிட்டவன். ஷார்ஜாவில் கேமரா சர்வீஸ் சென்டர் ஒன்றில் பத்துப் பன்னிரண்டு வருஷம் லென்ஸ் பழுது பார்த்தவன். எல்லார் கையிலும் போன் வந்த பிறகு அங்கே வேலை குறைந்தது, ஆளும் குறைந்தது. வந்ததிலிருந்து முன்னறையில் ஒரு மேசையைப் போட்டு வைத்திருக்கிறான். பழுதுக்கு என்று இன்னும் யாரும் வரவில்லை.

"போன வாரம் நீ படம் எடுக்கயில கீச்சுனு சத்தம் வந்துச்சே, கேக்கலையா ஒனக்கு?"

"கேட்டுச்சு. அது ரெண்டு வருஷமா கேக்குது. அது பாட்டுக்குக் கத்திக்கிட்டு வேலையும் பாத்துச்சு."

"கத்துனா நல்லதில்ல பர்வீன். இங்குட்டு வா, காட்டுறேன்."

அவளுக்குக் கோபம் கழுத்து வரை இருந்தது. இருந்தாலும் போனாள். அவன் இடுக்கியால் ஒரு மெல்லிய உலோக வளையத்தைத் தூக்கிக் காட்டினான். உள்ளங்கை அகலம்கூட இல்லை.

"இதுதான் மோட்டாரு. பல்சக்கரம் ஒண்ணும் கெடையாது பாரு. இந்த வளையத்துக்கு அடியில பீங்கான் ஒட்டிருக்கு. கரண்டு குடுத்தா அது நடுங்கும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. அந்த நடுக்கம் வளையத்தச் சுத்தி அலையா ஓடும், நெல்லு வயல்ல காத்து ஓடுற மாதிரி. மேல ஒரு வளையம் அழுத்திக்கிட்டு இருக்குல்ல, அத இந்த அலை தள்ளிக்கிட்டே போகும். கண்ணாடி முன்ன பின்ன நகர்றது அப்படித்தான். நடுவுல ஈரமோ எண்ணெயோ பட்டுச்சுன்னா வழுக்கும், கத்தும். ஒரு நா நட்டநடு வேலைல நின்னே போகும்."

பேசும்போது அவன் குரலே வேறாக இருந்தது. வந்த நாளிலிருந்து வீட்டுக்குள் விருந்தாளி மாதிரி நடந்துகொண்டிருந்தவன்; எந்த டப்பாவில் சர்க்கரை என்று கேட்டுக் கேட்டு எடுப்பவன். இப்போதுதான் தன் இடத்தில் உட்கார்ந்திருப்பவன் போல இருந்தான். பர்வீன் காயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பிற்பகல் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் லென்ஸ் முழுசாகிவிட்டது. கேமராவில் மாட்டி, பொத்தானைப் பாதி அழுத்தினாள். கீச்சு இல்லை. கண்ணாடி நகர்வது கைக்கு மட்டும் லேசாகத் தெரிந்தது. மாடிக்குப் போய்ப் பள்ளிவாசல் மினாராவை எடுத்தாள். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை எடுத்தாள். எல்லாம் கூர்மையாக விழுந்தன. எல்லாமே தூரத்தில் இருந்தவை. கிட்டத்தில் ஒரு முகத்தை வைத்துப் பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை.

"எப்பிடி?" என்றான் பாசில்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா அடுத்த தடவ என்னையக் கேக்காம தொறக்காதீக."

மறுநாள் கல்யாணம் மீரான் சாகிபு வீட்டுக் கல்யாணம். காரைக்குடியில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். மணப்பெண் ரிஸ்வானா அவருடைய ஒரே மகள். மீரான் சாகிபுவின் மனைவி ஷரபுன்னிசா முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: பெண்ணுக்கு ஒற்றைத் தலைவலி உண்டு, முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. அதனால்தான் எண்பத்தைந்து இல்லாமல் அன்று ஆகாது.

பாசில் பைகளைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தான். மஹால் வாசலில் பைகளை அவளிடம் கொடுத்துவிட்டு ஆண்கள் பக்கம் போய்விட்டான். அந்தப் பக்கத்துப் படமும் வீடியோவும் உதயகுமாரின் வேலை. வாட்டர் டேங்க் பக்கம் ஸ்டுடியோ வைத்திருப்பவன், பர்வீனுக்குப் பழக்கமானவன்.

பெண்கள் பக்கம் திரைக்கு உள்ளே காலையிலிருந்தே கூட்டம். அலங்காரம், மருதாணிக் கை, தோழிகள், மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த தட்டுகள் என்று பர்வீன் ஓயாமல் எடுத்தாள். லென்ஸ் பூனை மாதிரி வேலை பார்த்தது. பொத்தானைத் தொட்டதும் சட்டென்று பிடித்தது. நடுநடுவே கேமராவின் சின்னத் திரையில் பார்த்துக்கொண்டாள். அந்த அளவுக்கு எல்லாம் நன்றாகவே தெரிந்தன. மச்சான் நல்லாத்தான் பண்ணியிருக்காக என்று நினைத்துக்கொண்டாள்.

ஆண்கள் பக்கம் நிக்காஹ் முடிந்து துஆ ஓதும் சத்தம் மைக்கில் கேட்டது. மாப்பிள்ளையின் அக்கா தாலிக்குப் பதிலான கருகமணியை எடுத்துவந்து ரிஸ்வானாவின் கழுத்தில் கட்டினாள். கொக்கி மாட்டத் தோதாக ஷரபுன்னிசா பின்னால் குனிந்து, மகளின் முக்காட்டையும் பூவையும் தூக்கிப் பிடித்தாள். மகளின் காதோரமாக அவள் முகம். பர்வீன் இரண்டு எட்டு தள்ளி மண்டியிட்டு விடாமல் எடுத்தாள். ரிஸ்வானா ஒருதரம் இமைகளைத் தாழ்த்தி நிமிர்ந்தாள். அந்த நொடி கிடைத்துவிட்டது என்று பர்வீனுக்குக் கைவிரலில் தெரிந்தது.

"அக்கா, காட்டுங்களேன்" என்றாள் ரிஸ்வானா, கூட்டம் கொஞ்சம் விலகியதும்.

பர்வீன் அந்தப் படத்தை எடுத்து, பெண்ணின் கண் பெரிதாகத் தெரியட்டும் என்று இரண்டு மூன்று தடவை பெரிதாக்கினாள். கண் தெரியவில்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஈரத்துணியால் துடைத்தது போல ஒரு மங்கல். காதில் இருந்த ஜிமிக்கி கல் கல்லாக மின்னியது. அதை ஒட்டி ஷரபுன்னிசாவின் முகம், நெற்றி வியர்வை வரைக்கும் துல்லியமாக.

"நல்லாருக்கு அக்கா" என்றாள் ரிஸ்வானா. பெரிதாக்கிய படத்தில் என்ன பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பர்வீன் சிரித்துவிட்டுச் சுவரோரம் நகர்ந்தாள். முந்தைய படம், அதற்கு முந்தையது, காலையில் எடுத்தது என்று ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினாள். எல்லாவற்றிலும் கண் மங்கல், காது தெளிவு. நான்கு விரற்கடை பின்னால் போய் நின்றிருந்தது ஃபோக்கஸ்.

பையிலிருந்து சாதாரண ஜூம் லென்ஸை எடுத்து மாட்டினாள். ஜன்னல் பக்கம் நின்ற இரண்டு பெண்களை எடுத்துப் பார்த்தாள். கண் கண்ணாகவே விழுந்தது. அப்படியானால் கேமராவில் குறை இல்லை. திரும்ப எண்பத்தைந்தை மாட்டி, கண்ணால் பார்க்கும் துளையை விட்டுவிட்டு, பின்திரையில் பார்த்தே எடுக்கும் லைவ் வ்யூவுக்கு மாற்றினாள். படம் சரியாக வந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் லென்ஸ் முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போய்த் தேடித்தான் நின்றது. அதற்குள் ரிஸ்வானா திரும்பிவிட்டாள்.

பாசிலுக்குப் போன் போட்டாள். "சமையக்கட்டுப் பின்வாசலுக்கு வாங்க. உடனே."

மஹாலின் பின்புறம் பிரியாணிச் சட்டிகள் இறங்கியிருந்தன. புகையும் தண்ணீர்ச் சேறும். பாசில் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"என் எண்பத்தஞ்ச என்ன பண்ணுனீக?"

அவன் கேமராவை வாங்கிப் பார்த்தான். பெரிதாக்கினான். இன்னொன்றைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த கல்யாணக் களை மெல்ல இறங்கியது.

"ஜூம் மாட்டிப் பாத்தியா?"

"பாத்தேன். அது சரியா இருக்கு. லைவ் வ்யூலயும் சரியா இருக்கு. ஆனா மெதுவா தேடுது."

"அப்ப லென்ஸ்தான்" என்றான். கேமராவைத் திருப்பி லென்ஸைப் பார்த்தான். "நான்தான்."

பிறகு சொன்னான். அவளுடையது உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி வைத்த பழைய வகைக் கேமரா. துளை வழியாகப் பார்த்து எடுக்கும்போது, படம் பதியும் சில்லுக்கு ஃபோக்கஸ் தெரியாது. கேமராவின் அடியில் தனியாக ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. லென்ஸின் இடது ஓரத்து வெளிச்சத்தையும் வலது ஓரத்து வெளிச்சத்தையும் அது ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தவில்லை என்றால், எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று ஒரே கணக்காகப் போட்டு மோட்டாருக்குச் சொல்லிவிடும். மோட்டார் அந்த இடத்துக்கு ஓடிப்போய் நிற்கும். சரியான இடம்தானா என்று படம் பதியும் சில்லைக் கேட்பதில்லை. அதனால்தான் அத்தனை வேகம். லைவ் வ்யூவில் படம் பதியும் சில்லே பார்க்கிறது. முன்னும் பின்னும் நகர்த்தி, எங்கே விளிம்புகள் மிகக் கூர்மையோ அங்கே நிறுத்துகிறது. மெதுவானது, ஆனால் ஏமாறாது.

"கண்ணாடிக் கூட்டுக்கு அடியில காகிதம் மாதிரி பித்தளை வளையம் ரெண்டு இருந்துச்சு. தொடைச்சுத் திரும்ப வச்சேன். மாத்தி வச்சுட்டேன் போல. கேமரா போடுற கணக்கு பழைய லென்ஸுக்கு. இப்ப இது வேற லென்ஸ் மாதிரி."

"அது சரி. இப்ப என்ன பண்றது? இன்னும் சாப்பாடு இருக்கு, மாப்ள உள்ள வரணும், பொண்ணு அனுப்புறது இருக்கு."

"கேமரா மெனுவுல ஒரு எடம் இருக்கு. இந்த லென்ஸ் மாட்டுனா இவ்வளவு முன்னாடி நிறுத்துன்னு எழுதி வைக்கலாம். சென்டர்ல அடுத்த மேசைல அதத்தான் பண்ணுவாக."

"நீங்க பண்ணிருக்கீகளா?"

"பாத்திருக்கேன்" என்றான் பாசில்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கேட்பதற்கு நேரம் இல்லை.

சாய்வாக வரிசை வைத்து ஏதாவது எடுத்துப் பார்க்க வேண்டும் என்றான். சமையல்காரர்களிடம் கேட்டு ஒரு கட்டுத் தண்ணீர் பாட்டிலைப் பிரித்து, சுவரோரப் பெஞ்சின்மேல் ஒன்றைவிட ஒன்று இரண்டு விரல் பின்னால் தள்ளி, படிக்கட்டு மாதிரி சரித்து நிறுத்தினான். லேபிள் எல்லாம் ஒரே பக்கம். கவிழ்த்துப் போட்ட அலுமினிய அண்டாவின்மேல் கேமராவை வைத்தார்கள். பாசில் அண்டாவைத் தூரத்துக்கு இழுத்தான்.

"அங்குட்டு எதுக்குப் போறீக? நான் அவ்வளவு தூரத்துல நிக்க மாட்டேன். பொண்ணுகிட்ட ரெண்டு எட்டுல மண்டி போட்டுத்தான் எடுப்பேன். அந்தத் தூரத்துலதான் எனக்குச் சரியா இருக்கணும்."

அவன் யோசித்துவிட்டு அண்டாவை முன்னால் தள்ளினான்.

நடு பாட்டிலின் லேபிளைக் குறிவைத்து எடுத்தாள். பெரிதாக்கிப் பார்த்தால் பின்னால் இருந்த பாட்டிலின் எழுத்துதான் படிக்க முடிந்தது. மெனுவுக்குள் போய் அந்த இடத்தைத் தேடிப் பிடித்தார்கள். கூட்டல் பக்கமா கழித்தல் பக்கமா என்று பாசிலுக்கு நினைவில்லை. கூட்டிப் பார்த்தார்கள். ஃபோக்கஸ் இன்னும் பின்னால் ஓடியது. கழித்தார்கள். ஒரு பாட்டில் முன்னால் வந்தது. இன்னும் கழித்தார்கள்.

"ஏம்மா பானு!" என்று பின்னாலிருந்து குரல். பந்தி எப்போது என்று பார்க்க வந்த மீரான் சாகிபு, மாலையும் அத்தர் வாசனையுமாக நின்றுகொண்டிருந்தார். "கல்யாணத்தப் படம் புடிக்கக் கூப்ட்டா, தண்ணி பாட்டிலப் படம் புடிச்சுக்கிட்டிருக்கீக?"

பர்வீன் நிமிர்ந்தாள். பாசில் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவளே சொல்லிவிட்டாள். "லென்ஸ் கொஞ்சம் தப்பு பண்ணுது மாமா. சரி பண்ணிக்கிட்டிருக்கோம். ஒரு நிமிஷம் குடுங்க."

"சரியாயிரும்ல?"

"ஆயிரும்" என்றாள். அவர் பாட்டில்களையும் அண்டாவையும் இன்னொருதரம் பார்த்துவிட்டு, சமையல்காரரிடம் கரண்டி கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

இன்னும் இரண்டு தடவை மாற்றி எடுத்த பிறகு, நடு பாட்டிலின் லேபிளில் இருந்த பொடி எழுத்து எறும்பு எறும்பாகத் தெரிந்தது. அதற்கு முன்னும் பின்னும் இருந்தவை சமமாக மங்கியிருந்தன. பாசில் மூச்சை விட்டான். பர்வீன் கேமராவை எடுத்து, நேராக அவன் முகத்துக்குப் பிடித்து ஒரு படம் எடுத்தாள். பெரிதாக்கினாள். இமை முடி ஒவ்வொன்றாக இருந்தது.

"போறேன்" என்று திரைக்கு உள்ளே ஓடினாள்.

மீதிக் கல்யாணம் நன்றாக வந்தது. மாப்பிள்ளை உள்ளே வந்தபோது ரிஸ்வானா நிமிர்ந்து பார்த்தது, தோழிகள் பாடிச் சிரித்தது, சாயங்காலம் காருக்குள் ஏறும்போது தகப்பனின் கையை விடாமல் பிடித்திருந்தது, எல்லாவற்றிலும் ஃபோக்கஸ் கண்ணில் நின்றது. ஆனால் கருகமணி கட்டியது போனது போனதுதான். அதைத் திரும்பக் கட்டச் சொல்ல முடியாது.

ஸ்கூட்டரில் வீடு திரும்பி, டீ போட்டு அவன்முன் வைத்தபோதுதான் பர்வீன் கேட்டாள்.

"அடுத்த மேசைன்னீகளே. நீங்க எந்த மேசை?"

பாசில் டீயை எடுக்கவில்லை.

"மோட்டார் மேசை" என்றான். "லென்ஸ் வரும். தொறந்து, மோட்டாரை மாத்தி, ஒயர ஒட்டி, மூடி, அடுத்த மேசைக்குத் தள்ளிருவேன். சார்ட் வச்சு, கம்ப்யூட்டர்ல பாத்து, கணக்குச் சரி பண்றதெல்லாம் அங்க. எனக்கு அதச் சொல்லித் தரல. நானும் கேக்கல. போன நாள்லேருந்து வந்த நாள் வரைக்கும் மோட்டார் மட்டும்தான்."

"ஊரு பூராம் எம்மாப்ள லென்ஸ் எஞ்சினியருன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன் நான்."

"தெரியும். போன்ல நீ சொல்லுவல்ல. கேக்க நல்லாருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் காட்டிக்கொள்ளவில்லை. பத்து வருஷத்துக்கு மேலாகப் போனில் நடந்த குடித்தனம். நல்லா இருக்கேன், நல்லா நடக்குது என்பதைத் தாண்டி அவளும்தான் என்ன சொல்லியிருக்கிறாள். ஆரம்பத்தில் ஒரு பெண் பார்க்கும் விசேஷத்தில் படமே விழாமல் போய், அந்த வீட்டார் கேட்ட கேள்விக்கு ராத்திரியெல்லாம் அழுதது அவனுக்கு இன்றுவரை தெரியாது. அதைச் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். டீ ஆறிப்போயிருந்தது. சூடு பண்ணிக் கொண்டுவந்து வைத்தாள்.

"ஷரபுன்னிசா மாமிகிட்ட சொல்லணும் மச்சான்."

"நானும் வாரேன்."

ஆனால் வெறுங்கையோடு போக அவளுக்கு மனமில்லை. மறுநாள் முழுவதும் கல்யாணத்துக்கு வந்திருந்த பெண்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தாள். கருகமணி கட்டும்போது யாராவது போனில் எடுத்தீர்களா என்று கேட்டாள். போன் கேமராவின் லென்ஸ் பொடிசு; அதில் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஏறக்குறைய ஒன்றாகவே தெளிந்து நிற்கும். அழகாக இருக்காது, ஆனால் தப்பாகவும் இருக்காது. பெரும்பாலான படங்களில் யாராவது ஒருத்தியின் தோளோ குழந்தையின் தலையோ மறைத்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி எடுத்ததில் மட்டும் ரிஸ்வானாவின் முகம் முழுதாக இருந்தது. அதைக் கேட்டு வாங்கி, நிறம் சரிசெய்து வைத்துக்கொண்டாள்.

மீரான் சாகிபு வீட்டு ஹாலில் ஷரபுன்னிசா சோபாவில் உட்கார்ந்து, மடிக்கணினியில் படங்களைப் பார்த்தாள். பர்வீன் எதையும் மறைக்கவில்லை. காலையிலிருந்து கருகமணி வரை பெண்ணின் முகம் சரியாக விழவில்லை என்று சொல்லி, பெரிதாக்கியே காட்டினாள்.

"லென்ஸை நான்தான் தொறந்தேன் மாமி. என் கைதான்" என்றான் பாசில்.

ஷரபுன்னிசா அவனைப் பார்த்தாள். பிறகு பர்வீனைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் வந்து நேரா சொல்றீக. சரி. எம்மக மூஞ்சி வருமா?"

"வராது மாமி" என்றாள் பர்வீன். போனில் எடுத்த படத்தைக் காட்டினாள். ஷரபுன்னிசா அதை வெகுநேரம் பார்த்தாள். மறுபடி பர்வீன் எடுத்ததற்கு வந்தாள். மங்கலான மகளுக்குப் பின்னால் அவளே, உதட்டைக் கடித்துக்கொண்டு, அழுகையை நிறுத்தப் பார்க்கும் முகத்தோடு.

"என் மூஞ்சிய வச்சு நான் என்ன செய்ய" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் வேலைக்காரப் பெண் டீ கொண்டுவந்து வைத்தாள். ஷரபுன்னிசா வரவில்லை. மீரான் சாகிபுதான் வாசல்வரை வந்து, "அவளுக்கு ஆத்தமாட்டாம இருக்கு. ஒரு வாரம் போகட்டும்மா" என்றார்.

ஒரு வாரம் போகவில்லை. தேவகோட்டை மாப்பிள்ளை வீட்டிலிருந்து ரிஸ்வானா போன் செய்தாள். தாய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள், திட்டித்தான் சொல்லியிருக்கிறாள்.

"அக்கா, அந்தப் படத்த எனக்கு அனுப்புங்க. அம்மா தெளிவா இருக்காகளாமே."

"ஒங்க மூஞ்சி சுத்தமா இல்லம்மா அதுல."

"என் மூஞ்சி கண்ணாடில இருக்கு. அம்மா எனக்குப் பின்னாடி நின்னாக அக்கா. எப்பிடி நின்னாகன்னு நான் பாக்கவே இல்ல."

பர்வீன் அனுப்பினாள். ரிஸ்வானா அதைப் பெரிதாக அச்சடித்துத் தரச் சொன்னாள். ஆல்பத்தில் போனில் எடுத்த படம்தான் போனது. ஷரபுன்னிசா அப்படித்தான் கேட்டாள், இன்னும் பர்வீனைத் தெருவில் பார்த்தால் அளவாகத்தான் பேசுகிறாள். அது நியாயம்தான் என்று பர்வீனுக்குத் தெரியும்.

வீட்டில் பாசில் எண்பத்தைந்தை மறுபடி திறந்தான், இந்தத் தடவை கேட்டுவிட்டு. பித்தளை வளையங்களை இடம் மாற்றி வைத்து மூடினான். முன்னறையின் நீளச் சுவரில் அச்சடித்த எழுத்துக் காகிதம் ஒட்டி, அதன் பக்கத்தில் ஒரு அளவுகோலைச் சாய்த்து நிறுத்தினான். பர்வீன் மெனுவில் எழுதி வைத்த கணக்கை அழித்துவிட்டு, ஸ்டாண்டில் கேமராவை வைத்து எடுத்தாள். எங்கே கூர்மை, எங்கே மங்கல் என்று பார்க்க அவள் கண்ணுக்கு நொடி போதும். அவனுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவள் சொல்லச் சொல்ல அவன் லென்ஸின் திருகுகளைத் திருகினான். கடைசியில் லென்ஸ் தானாகவே சரியான இடத்தில் நின்றது.

உதயகுமார் ஒருநாள் காலையில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். கையில் துணியில் சுற்றிய லென்ஸ். நேமத்தான்பட்டியில் பழைய வீட்டில் ஒரு விசேஷம் எடுத்துக்கொண்டிருக்கும்போது அசையாமல் நின்றுவிட்டதாம்.

"மதுரைக்கு அனுப்புனா மாசக்கணக்குல ஆகுமுங்கிறாங்க அண்ணே. நீங்க பாப்பீகளா?"

பாசில் லென்ஸைக் காதோரம் வைத்து லேசாக ஆட்டிப் பார்த்தான். மேசையில் துண்டை விரித்தான். நெற்றி விளக்கைப் போட்டான். இடுக்கியை எடுத்தவன், அதைக் கீழே வைத்துவிட்டு உள்பக்கம் திரும்பினான்.

"பர்வீன், தொறக்கலாமா?"

"இருங்க மச்சான்" என்று அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தாள் அவள். "மோட்டார் ஓடலேன்னா என்ன, கையால திருப்பியாச்சும் மொத நாலு படம் எடுத்துக்கிறேன். இப்ப எப்பிடி இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் தொறங்க. தம்பி, ஒங்க கேமராவையும் குடுங்க. உக்காருங்க, டீ கொதிக்குது."